முதல் ஊசிக்கு முன்னும் பின்னும்

வைத்தியத்தில் அவசரமும் நிதானமும் ஒரே வேளையில், ஒரே ரோகியிடம், ஒரே வைத்தியரின் கையால் கடைப்பிடிக்கப்பட வேண்டிய சந்தர்ப்பங்கள் பல இல்லை. இருக்கும் சிலவற்றுள் முதலாவதாக வைத்து எண்ணத் தக்கது, பாக்டீரியாக் கிருமிகள் இரத்தத்தின் வழியாகவோ, சீழ் பிடித்த காதின் வழியாகவோ உட்புகுந்து, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளைத் தாக்குவதால் உண்டாகும் மூளைக்காய்ச்சல். காலையில் தலைவலி என்று படுத்தவர் மாலையில் ஆளறியாமல் பிதற்றுவதும், கழுத்து விறைத்து முகவாய் மார்பில் படியாமற் போவதும், பாலை மறுக்கும் பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி புடைத்து நிற்பதும் இந்த ரோகத்தின் குறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இதற்கு ஆளானவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் மாண்டுபோகிறார். ஐந்து பேருக்கு ஒருவர், காது கேளாமை, வலிப்பு, அறிவு மந்தம், கை கால் பலவீனம் முதலிய நீங்காத உபாதைகளில் ஒன்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்.

இத்தகைய ரோகத்துக்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக் மருந்துகள் பிரயோகிக்கப்படும் விதத்தில், முதல் ஊசிக்கு முன் இருக்க வேண்டிய வேகம் போதவில்லை என்பதும், அந்த ஊசிக்குப் பின் இருக்க வேண்டிய விவேகம் அதைக்காட்டிலும் போதவில்லை என்பதும் என் அபிப்பிராயம். இந்த இரண்டு குறைகளுக்கும் வைத்தியர்களைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. இரவு பதினொரு மணிக்கு வந்த ரோகியின் முதுகுத்தண்டு நீரை ஒரு மணி நேரத்துக்குள் பரீட்சித்துச் சொல்லக்கூடிய ஆய்வுக்கூடம், பெரிய மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே எத்தனை ஊர்களில் விழித்திருக்கிறது? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த விஷயத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

முதலில், மூளையைச் சார்ந்த இந்தத் தொற்று, உடலின் மற்ற பாகங்களில் வரும் தொற்றுகளினின்றும் எவ்விதம் வேறுபட்டது என்பதைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மானிய விஞ்ஞானி பவுல் எர்லிக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிராணிகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தபோது, ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறமேறியிருக்க, மூளை மட்டும் வெளுப்பு மாறாமல் இருந்தது. அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன் 1913ல் அத்தகைய சாயம் ஒன்றை முதுகுத்தண்டு நீரிலேயே செலுத்தினார். அப்போது மூளை நிறமேறியது, உடல் வெளுத்திருந்தது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு தடுப்பை அமைத்திருக்கிறது என்பது இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. நம்மை நாள்தோறும் காக்கின்ற அந்தத் தடுப்பே, கிருமி ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால், ஔஷதத்துக்குத் தடையாகவும் நின்றுவிடுகிறது. முதுகுத்தண்டு நீரிலோ, கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் சாதாரணமாக மிகச் சொற்பம். ஆகையால் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு மிச்சத்தை உடல் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் மருந்துகள் இங்கே பெரும்பாலும் போதுமானவை அல்ல. கிருமியைக் கொன்றே தீரும் மருந்து, தடுப்பைத் தாண்டிப் போகும் அளவில், இரத்தக் குழாய் வழியாகவே செல்ல வேண்டும். சாதாரண நிமோனியாவுக்கு வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1 அல்லது 2 கிராம் செஃப்ட்ரியாக்ஸோன் கொடுக்கும் வைத்தியர், மூளைக்காய்ச்சலுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம் வீதம் 4 கிராம் கொடுப்பதன் காரணம் இதுவே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சவ்வுகள் அழற்சியுற்றுச் சிவந்திருக்கும்போது அந்தத் தடுப்பு தளர்ந்து மருந்துக்கு வழி விடுகிறது. ரோகி தேறத் தேற, வழி மறுபடியும் குறுகுகிறது. காய்ச்சல் விட்டு, கண் திறந்து, கஞ்சி கேட்கும் நான்காம் நாளில், ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே என்று உறவினர் கேட்பது இயல்பு. ஆனால் முழு அளவு மருந்து இரத்தத்தில் ஓடினால்தான் வேண்டிய பங்கு மூளைக்குச் சேரும் என்ற நிலை அந்த நான்காம் நாளில்தான் உறுதிப்படுகிறது. குறைத்துக் கொடுப்பதற்கு இந்த ரோகத்தில் இடமே இல்லை. நிறுத்த வேண்டிய நாளில் முழுவதுமாக நிறுத்தலாம். அதுவரை முழுவதுமாகக் கொடுக்க வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ரோகத்துக்குப் பரிகாரம் என்று சொல்லத் தக்கது எதுவும் இருக்கவில்லை. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் சைமன் பிளெக்ஸ்னர், குதிரைகளின் உடலில் உண்டாக்கிய சீரத்தை முதுகுத்தண்டு வழியே செலுத்தும் முறையை வகுத்து, ஏறத்தாழ 1,300 ரோகிகளின் வரலாற்றை 1913ல் வெளியிட்டார். மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமியால் பத்தில் ஏழெட்டுப் பேர் மடிந்துகொண்டிருந்த இடத்தில் மூன்று பேரோடு மரணம் நின்றது. 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகள் வந்தன. பின்னர் பெனிசிலின்.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், அந்த மருந்தைக் கொண்டு 1942ஆம் வருஷம் லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் ஒரு மூளைக்காய்ச்சல் ரோகிக்குச் சிகிச்சை செய்த வரலாற்றை நம் வைத்திய மாணவர்கள் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரோகி அவருடைய குடும்பத்துக்கு வேண்டியவர். சல்பா மருந்து பலிக்காமல், பிராணன் போகும் நிலையில் இருந்தவர். பிளெமிங் செய்த முதல் காரியம், ரோகியின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, அதிலிருந்து கிருமியை வளர்த்து, அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கண்டு, பெனிசிலினுக்கு அது மடியுமா என்று பரீட்சித்தது. மடியும் என்று தெரிந்த பிறகு ஆக்ஸ்போர்டில் பெனிசிலினைத் தயாரித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் புளோரியிடம் மருந்து கேட்டுப் பெற்றுத் தசையில் ஊசியாகப் போட்டார். போட்டதோடு திருப்தி அடையாமல், மறுபடியும் முதுகுத்தண்டு நீரை எடுத்து, அங்கே மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அளந்தார். சேரவில்லை என்று கண்டு, முதுகுத்தண்டு வழியாகவே செலுத்தினார். ரோகி பிழைத்தார். உலகத்தில் அன்றைக்கு இருந்த பெனிசிலின் முழுவதும் சிறிதளவே என்றிருந்த காலத்தில், மருந்தைக் கண்டவரே, கிருமியை அறியாமல் அதைச் செலவிடத் துணியவில்லை. மருந்து மலிந்து குவிந்துள்ள காலத்தில் நாம் அந்த ஒழுங்கைக் கைவிட்டிருக்கிறோம். 1945 டிசம்பரில் நோபெல் பரிசு பெற்று நிகழ்த்திய பேருரையிலே, கடைகளில் யாரும் வாங்கலாம் என்ற நாள் வரும்போது, குறைந்த அளவில் மருந்தை உட்கொண்டு, அதற்கு அடங்காத கிருமிகளை மனிதர்கள் தாங்களே வளர்த்துவிடக் கூடும் என்று அவர் எச்சரித்தும் இருந்தார். 1977ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெனிசிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் கிருமி, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவே வந்து அந்த எச்சரிக்கையை மெய்ப்பித்தது. இன்று நிமோகாக்கஸ் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் செஃப்ட்ரியாக்ஸோனோடு வான்கோமைசினையும் வைத்தியர்கள் சேர்த்துக் கொடுப்பது, அத்தகைய கிருமிகளை மனத்தில் வைத்துத்தான்.

நம் ஊரில் இந்த ரோகி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வழியை இனிப் பார்க்கலாம். காய்ச்சலும் தலைவலியும் கண்ட அன்று, தெருமுனை மெடிக்கலில் நிலையைச் சொல்லி நான்கு செஃபிக்ஸைம் மாத்திரை. மறுநாள், பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி, பெயர் தெரியாது. மூன்றாம் நாள், வலிப்பு வந்த பிறகு, தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வேளை மருந்து. அங்கிருந்து ஆம்புலன்ஸில் அரசு ஆஸ்பத்திரி. இவ்வளவுக்கும் பிறகு முதுகில் நீர் எடுத்து வளர்ப்புப் பரீட்சைக்கு அனுப்பினால் கிருமி எப்படி முளைக்கும்? உரிய அளவில் ஊசி போட்ட 2 மணி நேரத்துக்குள் மெனிங்கோகாக்கஸும், 4 மணி நேரத்துக்குள் நிமோகாக்கஸும் அந்த நீரிலிருந்து மறையத் தொடங்குகின்றன என்பது ஆராய்ந்து கண்ட விஷயம். அரைகுறை மருந்து ரோகத்தைத் தீர்க்காது. ஆனால் கிருமியின் அடையாளத்தை அழித்துவிடும். வளர்ப்பில் எதுவும் இல்லை என்று எழுதி வரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மயங்கிக் கிடக்கும் ஒருவருக்கு எந்த மருந்தை நிறுத்துவது, எதை நீட்டிப்பது என்று தீர்மானிக்க வேண்டிய இளம் வைத்தியரின் சங்கடத்தை வெளியிலிருப்பவர்கள் அறிய மாட்டார்கள். அவர் எதையும் நிறுத்தாமல் இருப்பதற்குப் பெயர் பேராசையும் அல்ல, அறியாமையும் அல்ல, பயம். செஃப்ட்ரியாக்ஸோன், வான்கோமைசின், அவற்றுக்கு மேல் மெரோபெனம், வைரஸாக இருக்குமோ என்று அசைக்ளோவிர், காசநோயாக இருக்குமோ என்று அதற்குரிய மாத்திரைகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போக, அந்தப் பயமே போதும்.

இவ்வாறு கிருமி தெரியாமல் அனுமானத்தின் பேரில் மருந்து கொடுப்பதில் தமிழ்நாட்டில் மற்றோர் அபாயமும் உண்டு. உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ், மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரையில் நம் மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது; அது மூளையையும் சவ்வுகளையும் தாக்குவது அபூர்வம் அல்ல. அதன் கிருமிக்கு 4 கிராம் அல்ல, 40 கிராம் செஃப்ட்ரியாக்ஸோன் கொடுத்தாலும் பயனில்லை, டாக்ஸிசைக்ளின் வேண்டும். அக்குளிலோ, இடுப்பு மடிப்பிலோ, தொடை இடுக்கிலோ கருத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று ஆடையை நெகிழ்த்திப் பார்க்கும் இரண்டு நிமிஷப் பரீட்சை சில வேளைகளில் உயிரைக் காக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்கள் முன்னின்று இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் இரத்தக் குழாய் வழியே சேர்த்துக் கொடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைக் காட்டிலும் மேலானது என்று காட்டியிருக்கிறது. அந்நிய தேசத்துப் பாடநூல் சொல்லாததை நம் மண்ணின் ரோகிகளே சொல்லிக் கொடுத்த இந்த ஆராய்ச்சியைப் போல இன்னும் பல வேண்டும்.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, பரீட்சை முடியும் வரையில் ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. ரோகி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். நினைவு மங்காத, வலிப்பு வராத, கை கால் விளங்கும் ரோகிக்கு ஸ்கேன் எடுத்துத்தான் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஸ்கேன் அவசியப்படும் ரோகிக்கோ, இரத்தத்தை வளர்ப்புப் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டு, ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஸ்கேன் அறைக்கு அனுப்ப வேண்டும். இரத்தம் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம்தான் அடுத்த இரண்டு வாரங்களின் சிகிச்சையை நிர்ணயிக்கிறது. ஊசிக்குப் பின்னால் எடுத்த நீரிலும் வெள்ளணுக்களின் பெருக்கமும், சர்க்கரையின் குறைவும், புரதத்தின் மிகுதியும் சில நாட்களுக்கு மாறாமல் நின்று சாட்சி சொல்லும். மடிந்த கிருமியின் மரபணுவைக் கூடப் பிசிஆர் பரீட்சையால் கண்டுபிடிக்கலாம்.

முதல் ஊசியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய டெக்ஸாமெத்தசோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002ல் ஐரோப்பாவில் 301 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த ஸ்டீராய்டு மருந்து மரணத்தை 100க்கு 15லிருந்து 7ஆகக் குறைத்தது. வியட்நாமில் நடந்து 2007ல் வெளியான ஆய்விலோ, கிருமி ஊர்ஜிதமான ரோகிகளுக்குப் பலன் கிடைத்தது. சந்தேகத்தின் பேரில் சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, அவர்களுள் காசநோயாளிகள் கலந்திருந்ததே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எந்தக் கிருமி என்று அறிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

ரோகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் போக, ஆஸ்பத்திரியிலேயே இந்த ரோகத்தைப் பெறுகிறவர்களும் உண்டு. விபத்தில் மண்டை உடைந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், மூளையில் சேரும் நீரை வெளியேற்றக் குழாய் வைக்கப்பட்டவர் ஆகியோருக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே குடியிருக்கும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளால் சில நாட்கள் கழித்துக் காய்ச்சல் காண்கிறது. இவற்றில் பல, மெரோபெனத்துக்கும் அடங்காதவை. அப்போது வைத்தியரின் கையில் மிஞ்சுவது, 1950களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஒதுக்கி வைக்கப்பட்ட கொலிஸ்டின் என்னும் பழைய மருந்து. அதையும் இரத்தக் குழாய் வழியே கொடுத்தால் மூளைக்குச் சரியாகச் சேராது என்பதால், மூளையின் நீரறைக்குள்ளேயே குழாய் மூலம் செலுத்த வேண்டியிருக்கிறது. மெரோபெனம் முதலிய உயர்ந்த மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 என்னும் நொதியைப் பற்றி 2010ல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. அந்தப் பெயரில் ‘என்டி’ என்று சுருங்கி நிற்கும் நியூ டெல்லி இருப்பது தகுமா என்று அன்று நடந்த விவாதத்தில் செலவான ஆவேசம், கை கழுவும் குழாய்களிலும் கிருமித் தடுப்புச் செவிலியர்களிலும் செலவாகியிருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும். அடுத்த இரண்டு வருஷத்தில், 2012 ஆகஸ்டில், இந்திய வைத்திய சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையிலே கூடி, சீட்டில்லாத மருந்து விற்பனையைப் படிப்படியாக ஒடுக்கவும், ஆஸ்பத்திரிகளில் கிருமித் தடுப்புக் குழுக்களை வலுப்படுத்தவும் வழி சொன்ன ‘சென்னைப் பிரகடனம்’ நமக்குப் பெருமை தருவது. செஃப்ட்ரியாக்ஸோனையும் செஃபிக்ஸைமையும் எச்1 அட்டவணையில் சேர்த்து, விற்பவர் தனிப் பதிவேட்டில் வைத்தியர் பெயரும் ரோகியின் பெயரும் எழுத வேண்டும் என்று விதித்த சட்டம் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, பதிவேட்டை யார் போய்ப் புரட்டிப் பார்க்கிறார்கள்?

மருந்தைக் குறுக்குவதும் சிகிச்சையே என்ற உணர்வு நம்மிடையே வளர வேண்டும். வளர்ப்பில் மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்தால் 5 முதல் 7 நாள், நிமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14 நாள், குடலிலிருந்து வரும் கிராம் நெகட்டிவ் வகைகளென்றால் 3 வாரம் என்று கணக்கிருக்கிறது; பெனிசிலினுக்கு அடங்கும் கிருமியானால் பெனிசிலினே போதும். ஆனால் விலை உயர்ந்த மருந்தை நிறுத்திச் சாதாரண மருந்துக்கு மாற்றும் வைத்தியரை, நம்மைக் கைவிட்டுவிட்டார், பணம் இல்லையென்று எண்ணிவிட்டார் என்று ரோகியின் உறவினர் சந்தேகிப்பதை நான் கண்டிருக்கிறேன். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வைத்தியர் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும்; ஒரு வார்டில் அறுபது ரோகிகளைப் பார்க்கும் வைத்தியருக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுப்பது அரசாங்கத்தின் கர்த்தவ்யம்.

வராமல் காப்பதில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் என்னும் கிருமிக்கு எதிரான சத்தும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. தடுப்பூசி போட்ட ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஆன்டிபயாடிக் சீட்டை மிச்சப்படுத்துகிறது.

இனி அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இரவும் பகலும் இயங்கும் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் வேண்டும். முதுகுத்தண்டு நீரின் அணுக் கணக்கும் கிராம் சாயப் பரீட்சையும் ஒரு மணி நேரத்தில் வார்டுக்கு வர வேண்டும். அந்த மாவட்டத்தில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற விவரம் வருஷந்தோறும் அச்சாகி, ஆரம்ப சுகாதார நிலையம் வரையில் எட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, கிருமி தெரியாமல் வாரக்கணக்கில் ஓடும் மெரோபெனத்தின் செலவோடு ஒப்பிடுகையில் பெரிதாகத் தோன்றாது என்பது என் துணிபு. குணமாகி வீடு செல்லும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவிப் பரீட்சை செய்யாமல் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதக் கூடாது. இந்த ரோகத்துக்குப் பின் உட்செவி எலும்பாக இறுகிப்போகக் கூடும் என்பதால், காக்ளியர் கருவி பொருத்தத் தாமதித்தால் பிறகு பொருத்தவே முடியாமற் போகலாம்.

வாசகர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமற் போய்விடும் என்ற பயத்தால், எத்தனையோ குடும்பங்கள் கையெழுத்திட மறுத்துவிடுகின்றன. ஊசி இறங்கும் இடம், தண்டுவடம் முடிந்து நரம்பிழைகள் மட்டும் நீரில் மிதக்கும் கீழ்ப்பகுதி. அங்கே தண்டுவடத்தில் குத்திவிடும் அபாயம் இல்லை. ஆகவே வைத்தியர் கேட்கும்போது மறுக்காமல் சம்மதியுங்கள். காய்ச்சலுக்கு வீட்டில் விழுங்கிய மாத்திரையின் அட்டையையும், கிளினிக்கில் எழுதிய சீட்டையும் எறிந்துவிடாமல் கொண்டுவந்து காட்டுங்கள். எத்தனை வேளை கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சேர்த்த மூன்றாம் நாள், கல்ச்சர் முடிவு வந்துவிட்டதா, அதைக் கொண்டு எந்த மருந்தை நிறுத்தப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை ரோகியின் குடும்பத்துக்கு உண்டு.